மொத்தத்தில் ஏறாத வண்டிகள்

இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டே முக்கால் ரூபாய். கிடங்கு எனக்குத் தரவேண்டிய பாக்கி அது. அறுபத்தாறே கால் டன் மூட்டைக்கான கூலி, டன்னுக்கு முப்பத்தைந்து வீதம். கணக்கை நானேதான் போட்டேன். நாற்பத்தேழு வயதில் எழுத்தும் கூட்டலும் படித்தவன் நான். போடாமலே இருந்திருக்கலாம்.

எங்கள் கிடங்கில் மூட்டைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி எடைமேடைக்குக் கொண்டுவர வேண்டும். பக்கத்துக் கண்ணாடி அறையில் எடை கிளார்க்காக இருந்தவர் என் தங்கை புருஷன். அவர் தட்டினால் அந்த வண்டியின் எடையைக் கம்ப்யூட்டர் அவனவன் மொத்தத்தில் சேர்த்துக்கொள்ளும். சனிக்கிழமை அந்த மொத்தத்துக்குத்தான் கூலி.

பழைய கம்ப்யூட்டர் ஒருநாள் புகைந்து செத்தது. எடைக்கணக்குப் புரோகிராமோ அந்தக் காலத்துச் சிப்பைத் தவிர வேறெதிலும் ஓடமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆகவே புது மெஷினில் எமுலேட்டர் ஒன்றைப் போட்டார்கள். பழைய சிப் மாதிரி வேஷம் கட்டி, புரோகிராமை ஏமாற்றி ஓடவைக்கிற சங்கதி அது.

அந்த வாரம்தான் நான் கண்ணாடி அறைமுன் போய் நின்றேன்.

“மாப்ளே, எனக்கு வண்டிக்கு வண்டி சீட்டு அடிச்சுக் குடுங்க.”

“எதுக்கு மச்சான்? சனிக்கிழமை மொத்தமா வருமே.”

“படிக்கத் தெரிஞ்சவன் கேக்கிறேன். குடுங்க.”

“சரிதான், ஆபீசர் சொன்னா அடிக்க வேண்டியதுதான்” என்று சிரித்தார். அதன்பின் என் ஒரு வண்டி மேடையில் நிற்கும்போதே முந்தின வண்டிக்கான சீட்டு பிரிண்டரில் கிறீச்சிடும். வேறு யாரும் சீட்டு கேட்கவில்லை.

சீட்டுகளைக் கம்பியில் குத்திவைத்து வீட்டில் கூட்டினேன். சனிக்கிழமை மொத்தம் குறைந்தது. அடுத்த சனியும் குறைந்தது. இரண்டு மாதம் இப்படி. மற்றவர்களுக்கெல்லாம் சரியாக வர, எனக்கு மட்டும் இடித்தது. என்னோடு வண்டி தள்ளும் சோடாபுட்டி கேட்டுவிட்டுச் சொன்னான்: “வெளியில தேடாதீங்கண்ணே. பால் குடிக்கிறது வீட்டுப் பூனை.”

மாப்பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுதத் தெரிந்தவனுக்கு வாயால் கேட்பது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. மேனேஜருக்குப் பதினொரு வரி எழுதினேன். வாழ்நாளில் நான் எழுதிய முதல் கடிதம். என் மொத்தம் ஏன் குறைகிறது என்று மாப்பிள்ளைக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

புதிதாக வந்த கிளார்க் யாருக்கும் சீட்டு அடிக்கவில்லை. நானே மேடையில் தெரியும் எடையைப் பார்த்துத் தாளில் வண்டிக்கு வண்டி குறித்துவந்தேன். அந்த வாரமே என் மொத்தம் சரியாக வந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். கிடங்கு வாசலில் வந்து நின்ற தங்கையிடம், “நான் பேசல, கணக்கு பேசுது” என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

மூன்று மாதம் கழித்து, இனிமேல் திருட்டுப் பேச்சே வரக்கூடாது, எல்லாருக்கும் சீட்டு அடி என்று மேனேஜர் உத்தரவு போட்டார். அந்தச் சனிக்கிழமை நாற்பது பேருக்கும் மொத்தம் குறைந்தது. புது கிளார்க் மேனேஜரின் சகலை. சகலையைத் திருடன் என்று சொல்ல முடியாதே. மெஷினைப் பார்க்க ஆள் வந்தது.

எமுலேட்டரை எழுதிய பெண்ணே வந்தாள். எந்நேரமும் தசமப் புள்ளிகளையே உற்றுப் பார்த்ததால் எங்களுக்கு அவள் புள்ளியம்மா. வண்டி தள்ள என்னை நிறுத்திக்கொண்டாள். சீட்டு அடித்தும் அடிக்காமலும் இரண்டு நாள் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

“புள்ளிக் கணக்குக்குச் சிப்புல தனியா ஒரு சிலேட்டு இருக்குண்ணே. பிரிண்டர் குறுக்கே வந்தா சிலேட்டை நகல் எடுத்து வெச்சுட்டு, அது முடிஞ்சதும் திரும்ப எழுதணும். சிலேட்டு மாறியிருக்குன்னு காட்ட ஒரு கொடி. கூட்டினா, கழிச்சா கொடி ஏறுது. எண்ணைச் சும்மா கொண்டாந்து வெச்சா மட்டும் ஏறல.”

“ஏறலைன்னா?”

“எதுவும் மாறலைன்னு நினைச்சு நகல் எடுக்காது. அப்புறம் பழைய நகலையே எழுதிடும். நடுவுல ஒரு வண்டி மொத்தத்துலருந்து காணாம போயிடும்.”

“சீட்டே அடிக்கலைன்னா?”

“ஒரு கிராம்கூட தப்பாது.”

“கொடியை ஏத்த மறந்தது யாரும்மா?”

“நான்தான்” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திருத்தம் இரண்டே வரி. பிறகு ஒரே வண்டியை நூறு தடவை மேடையில் ஏற்றி இறக்கினேன், தடவைக்கு ஒரு சீட்டு. மொத்தத்தில் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஒவ்வொரு தடவை சரியாக வந்தபோதும் எனக்கு நான் எழுதிய பதினொரு வரி ஞாபகம் வந்தது. இருபது தடவைக்கு மேல் நான் திரையைப் பார்க்கவில்லை.

கிடங்கு பாக்கியைக் கொடுத்தது. மாப்பிள்ளையைத் திரும்ப வரச்சொல்லி ஆளும் அனுப்பியது. அவர் வரவில்லை. மருந்துக்கடையில் பெட்டி பிரிக்கிற வேலையில் சேர்ந்திருந்தார். பணத்தைக் கவரோடு அவர் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

“தப்பு மெஷினோடது, மாப்ளே.”

“தெரியும் மச்சான். அதை எழுதின பொண்ணு போன் பண்ணி மன்னிப்பு கேட்டுச்சு. அதுக்கு என் முகம்கூடத் தெரியாது.”

கவரை மேசையில் வைத்தேன். “மூணு மாசச் சம்பளத்துக்கு இது ஈடில்லைதான். இருந்தாலும் வெச்சுக்குங்க.”

“அது நீங்க முதுகுல சுமந்த காசு. எனக்கு வர வேண்டியிருந்தது ஒரு கேள்வி. ‘ஏன் மாப்ளே குறையுது’ன்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டிருந்தா, ரெண்டு பேரும் சேர்ந்து தேடியிருப்போம்.”

“இப்ப என்ன செய்யட்டும்?”

“ஒண்ணும் வேணாம். கணக்கு எழுதினவன் நான். வராதுன்னு தெரிஞ்ச பாக்கியைப் பேரேட்டில வெச்சு வருஷா வருஷம் பார்த்துட்டு இருக்க மாட்டேன். வராக்கடன்னு எழுதி மூடிட்டேன்.” கவரை என் பக்கம் தள்ளினார். “கையைக் கழுவுங்க, சாப்பிடலாம்.”

தங்கை தட்டு வைத்தாள். பசியில்லை என்று சொல்கிற உரிமை எனக்கு இல்லை. உட்கார்ந்து சாப்பிட்டேன்.