நெஞ்சுப் பங்கு

அப்பா இறந்த ஒன்பதாம் நாள் செபத்துக்கு வந்தவர்கள் இவ்வளவுதான். வாசலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அம்மா எவுலாலியா. சோபாவில் பெரியப்பா அபுந்தியோ. அவரை ஒட்டி, அப்பாவோடு திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்த்த இருவர், தொப்பியை முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு. செபம் சொல்லும் எர்மிலா தரையில் முழந்தாளிட்டிருந்தாள். அப்பா ரெமிஹியோவின் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. நெரெய்தா சமையலறை வாசற்படியில் இருந்தாள். நடுவே தரையில், சுண்ணாம்புத் தூளால் போட்ட ஆள் நீளச் சிலுவை.

எர்மிலா மெழுகுவர்த்திகளைச் சரிசெய்யும் இடைவெளியில் பெரியப்பா வாய் திறந்தார்.

"திராட்சைப் பெட்டி கட்டுற கொட்டகையில உனக்கு வேலை சொல்லி வச்சுட்டேன் பொண்ணு. திங்கக்கிழமை வந்துடு. நாலு வருஷமா நம்ம சனத்தப் பத்தியே படிக்கிறியே, நாம யாருன்னு கண்டுபிடிச்சாச்சா?"

தொப்பிக்காரர்களில் ஒருவர் சிரித்து, உடனே அடக்கிக்கொண்டார்.

அப்பாவும் இதைத்தான் கேட்பார். 'அம்பது வருஷமா நான் லத்தினோதான், தெக்கேயிருந்து எல்லை தாண்டி வந்தவன். எனக்கு எவன் பட்டம் குடுத்தான்?' என்பார். ஆனால் அவள் கேட்டதற்கெல்லாம் உட்கார்ந்து பதில் சொன்னார்.

பட்டத்துக்கு ஒரு கட்டுரைதான் பாக்கி. அப்பா சொன்ன சாவுச் சடங்குகளை வைத்து எழுதியது. முதல் வரைவில் ஓரிடத்துக்கு எதிரே பேராசிரியை 'அருமை' என்று எழுதியிருந்தாள். திருத்தி அனுப்ப வேண்டியதுதான். நெரெய்தாவுக்கு அனுப்பத் தோன்றவில்லை. சாப்பிடவும் தோன்றவில்லை. அடக்கத்தன்று அழுகைகூட வரவில்லை.

சிலுவைத் தூளை அள்ள எர்மிலா ஒவ்வொருவராக அழைத்தாள். தலைப்பகுதியை அம்மா அள்ளினாள். கைகளைத் தொப்பிக்காரர்கள். பாதத்தைப் பெரியப்பா. எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் போயிற்று. நாளைக்குக் கல்லறையில் புதைக்க. நெஞ்சுப்பகுதிக்கு எர்மிலா கையை நீட்டியபோது நெரெய்தா சொன்னாள்:

"அத விட்டுடுங்க. எடுக்கக் கூடாது."

"ஏன்டி?"

"வெளியூர்ல இருக்கிற பிள்ளைக்குன்னு விட்டு வைக்கணும். அது வந்துதான் எடுக்கணும். அதான் எங்க ஊர் வழக்கம்."

"இத்தன வருஷத்துல நான் கேள்விப்பட்டதில்ல. அபுந்தியோ, உங்க ஊர்லயா?"

பெரியப்பா உள்ளங்கைச் சுண்ணாம்பைக் கால்சட்டையில் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

"யார் சொன்னா உனக்கு?"

"அப்பா."

"அவன் எங்க பாத்தான்? எங்கப்பா செத்தப்போ அவன் இங்க கொடி வெட்டிக்கிட்டிருந்தான். இந்த நாட்டுல இருக்கக் காகிதம் கிடையாது. போனா திரும்பி வர முடியாது. எங்க ஊர் மளிகைக் கடைக்குப் போன் பண்ணி ஒரே அழுகை. கடைக்காரன் நேரமாச்சுங்கிறான். எங்கக்கா போன வாங்கி, 'உன் பங்க அள்ளாம வச்சிருக்கோம்டா, நெஞ்சுப் பக்கம். நீ வந்து எடுத்துக்கோ'ன்னா. அப்புறந்தான் அடங்கினான்."

"நெசமா வச்சிருந்தாங்களா?"

அவர் சிலுவையில் மிஞ்சியிருந்த சுண்ணாம்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அள்ளுனேன்."

அம்மாவின் செபமாலை நாற்காலிக் கையில் ஒருமுறை தட்டியது. அடுப்பில் அவள் வைத்திருந்த சோளக் கஞ்சி பொங்கி வழியும் சத்தம் கேட்டது. யாரும் எழவில்லை.

"நீ இங்கதான இருக்க," என்றார் பெரியப்பா கடைசியில். "எடு."

நெரெய்தா முழந்தாளிட்டு இரண்டு கையாலும் அள்ளினாள். தரையின் விரிசலில் போனதை விரல் நுனியால் எடுத்தாள்.

காலையில் எல்லோரும் கல்லறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது, சமையலறை மேசையில் உட்கார்ந்து பேராசிரியைக்குக் கடிதம் எழுதினாள். 'நீங்கள் அருமை என்று குறித்த நெஞ்சுப் பங்கு வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. ஒரே ஒருவருக்குத்தான் அது இருந்தது. அந்தப் பகுதியை மறுபடி எழுத வேண்டும். திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துவிடுவேன்.'

பெரியப்பா வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தார். "கொட்டகைக்காரன்கிட்ட என்ன சொல்ல?" என்று வண்டிக்குள்ளிருந்தே கேட்டார்.

"வரலைன்னு சொல்லிடுங்க பெரியப்பா."

அவர் ரேடியோவை அணைத்தார். அம்மா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டாள்.

போகிற வழியில் தபால்பெட்டியருகே வண்டி நின்றது. நெரெய்தா உறையின் மடிப்பை நாக்கால் ஈரப்படுத்தினாள். நகக்கண்ணிலிருந்து உறையில் ஒட்டிய சுண்ணாம்பு நாக்கில் சுட்டது. கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். வெள்ளையாக ஒரு ரேகை பதிந்தது. அதைத் துடைக்காமல் உள்ளே போட்டாள்.