யாருக்கு ம் கொட்டினார்?

முடிவெட்டுகிறவருக்கு 'ரேடியோ' என்று பட்டப்பெயர். கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. ஜெபத்திலும் அப்படித்தான், ஆண்டவர் குறுக்கே ஒரு வார்த்தை சொல்ல நினைத்தாலும் இடம் கிடைக்காது.

பிரசவத்தில் குழந்தை தவறியதிலிருந்து அவர் மகள் பேச்சை விட்டுவிட்டாள். பிறந்த வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல், வசனம், ஜோக்கு, எதிர்வீட்டு வம்பு என்று எல்லா அலைவரிசையிலும் முயன்றார். ஒன்றும் எடுபடவில்லை.

முடிவெட்டிக்கொள்ள வந்த பாஸ்டரிடம் புலம்பினார்.

"பேசுனது போதும்ணே. தினமும் மத்தியானம் அவ ரூம்ல சும்மா உட்காருங்க. அதுவும் ஜெபம்தான்."

"மனசுக்குள்ளயாச்சும் பேசிக்கலாமா பாஸ்டர்?"

"கூடாது. அண்ணே, காது! காது பத்திரம்!"

மனைவி கேட்டுவிட்டுச் சிரித்தாள். "நீங்களா? சும்மாவா? டாக்டர வரச் சொல்லட்டுமா?"

கடையைப் பூட்டிவிட்டு வந்து, கட்டிலோரம் ஸ்டூலில் உட்கார்ந்தார். முதலில் நாக்கு அரித்தது. போகப்போக அடங்கியது. யாரோ காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பதுபோல் அறை கனத்தது.

ஒருநாள் அந்த அமைதியில் "ம்" என்று கேட்டது. கதை கேட்கிறவர்கள் கொட்டுகிற ம்.

அவர் தொண்டையிலிருந்துதான் வந்தது. ஆனால் அவர் கொட்டவில்லை. ஆயுசில் யாருக்கும் ம் கொட்டிப் பழகாத மனுஷன். பயந்துபோய் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ம்."

இந்த முறை அது மகளுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து வந்தது. ஆள் நுழைய முடியாத இடுக்கு. கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாம், அவ்வளவுதான்.

ரேடியோவுக்கு எழுந்து ஓடக் கால் வந்தது, ஓடவில்லை.

"அவன் முகத்த எனக்குக் காட்டவே இல்ல," என்றாள் மகள், இடுக்கைப் பார்த்து.

"ம்."

"துணியில சுத்தி எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"ம்."

"அப்பா, நீங்க பாத்தீங்கல்ல?"

இதைச் சொல்லிவிடக் கூடாதென்றுதான் இத்தனை நாள் அத்தனை பேச்சும். கைகளை வாயிலிருந்து மெல்ல எடுத்தார்.

"தலை நிறைய முடிம்மா," என்றார். "சுருட்டை."

மகள் உடைந்து அழுதபடி அவர் பக்கம் திரும்பினாள். திரும்பும்போது, முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் விட்டே படுத்தாள்.