கார்டுக்கு வைத்தியம்

வீட்டில் எது பழுதானாலும் கணவர் கை வைப்பார். அதன்பிறகு அந்தப் பொருளுக்குப் பழுதாகும் கவலையே இருக்காது, நேராகக் குப்பைக்குப் போய்விடும். மிக்ஸி, சுவர்க்கடிகாரம், பக்கத்து வீட்டுக்காரரின் ரேடியோ எல்லாம் அப்படி முக்தி அடைந்தவை. மனைவிக்குப் போட்டோ எடுப்பதுதான் தொழில். கேமராவை மட்டும் அவர் கையில் சிக்காமல் காப்பாற்றி வந்தாள். மெமரி கார்டைக் கோட்டைவிட்டாள்.

அவருடைய அம்மா பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவர் ஓய்வு பெற்ற விழாவை மருமகளே படம் பிடித்தாள். ஆஸ்பத்திரி டைரக்டர் பூங்கொத்து கொடுத்தது, மாமியார் கண்கலங்கி "டைரக்டர் சார் எங்களுக்குத் தெய்வம் மாதிரி" என்றது, எல்லாமே ஒரே கார்டில். வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரில் செருகி, காப்பி ஆகட்டும் என்று விட்டுவிட்டுக் குளிக்கப் போனாள்.

திரும்பி வந்தால் கணவர் முகத்தில் டாக்டர் களை.

"ரொம்ப மெதுவா ஏறிச்சு. அதான் சட்டுனு உருவி மறுபடி செருகினேன். ஃபார்மட் பண்ணவான்னு கேட்டுச்சு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவ்வளவு மரியாதையா கேக்குது, வேண்டாம்னா சொல்ல முடியும்?"

வெறும் ஃபார்மட் என்றால் அழிந்ததை மீட்க வழியுண்டு. அவள் மூச்சு விடுவதற்குள் அவர் தொடர்ந்தார். "கார்டு நல்லா இருக்கான்னு பாக்க, இடம் ரொம்புற வரைக்கும் சினிமாவா ஏத்திப் பார்த்தேன். அருமையா ஓடுது!"

பழைய படங்கள் இருந்த இடமெல்லாம் சினிமா. படங்கள் போயே போச்சு. அவள் கத்தவில்லை. கத்தினால் அதையும் சரிசெய்யக் கிளம்பிவிடுவார்.

மாமியார் பெரிதாக வருத்தப்படவில்லை. வருத்தப்பட்டவர் டைரக்டர்தான். தன்னைத் தெய்வம் என்ற பேச்சு ஆஸ்பத்திரி ஆண்டு மலரில் வரவேண்டாமா? "இன்னொரு தடவை எடுத்துடலாம். அம்மா அதே மாதிரி பேசட்டும்" என்றார் பெருந்தன்மையோடு.

மறுபடியும் அதே ஹால், புதுப் பூங்கொத்து, வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார்ந்த நர்சுகள். மருமகள் புதுக் கார்டு போட்டு, கேமராவிலேயே ஃபார்மட் செய்து, வீடியோவை ஓடவிட்டாள். மாமியார் மைக்கைப் பிடித்தார். போன தடவை பேசியபோது பென்ஷன் தாளில் டைரக்டரின் கையெழுத்து விழவில்லை. இப்போது விழுந்துவிட்டது.

"டைரக்டர் சார் தெய்வம்னு அன்னைக்குச் சொன்னேன். இன்னைக்கும் அதேதான் சொல்றேன். எத்தனை தடவை கூப்பிட்டாலும் வரமாட்டார். என்ன கேட்டாலும் பதில் கிடைக்காது. குழந்தைங்க வார்டுல ஃபேன் ஓடலைன்னு நாங்க வேண்டாத நாளில்லை. வேர்வையிலதான் அபிஷேகம் நடக்குது."

முதலில் ஒரு நர்ஸ் இருமுவதுபோல் சிரித்தாள். அப்புறம் ஹாலே அதிர்ந்தது. கேமரா தன்னையே பார்ப்பதால் டைரக்டரும் சிரித்தபடியே இருக்க வேண்டியதாயிற்று. மருமகள் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேமராவை மாமியார் பக்கம் திருப்பினாள். 'அத்தை, இவ்வளவையும் எங்கே வெச்சிருந்தீங்க?'

முடிந்ததும் டைரக்டர் அவளிடம் வந்தார். "ஏம்மா, இந்தக் கார்டும் கெட்டுப்போக வாய்ப்பிருக்கா?"

"இல்ல சார். நல்ல கார்டு."

அவர் பார்வை மெல்லக் கணவர் பக்கம் திரும்பியது. "தம்பி, நீங்க கொஞ்சம் பாத்துக் குடுங்களேன்."

வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் வலிய வந்து உதவி கேட்கிறார்! கணவர் பூரித்துப்போய்க் கையை நீட்டினார்.

"கையை எடுடா" என்றார் அம்மா.

அந்த வருடம் மலரில் டைரக்டர் படம் வந்தது, பேச்சு வரவில்லை. வீடியோ மட்டும் நர்சுகளின் போனுக்குப் போன் தாவியது. அந்த வாரமே குழந்தைகள் வார்டில் ஃபேன்கள் ஓட ஆரம்பித்தன. ஒன்றுமட்டும் கடகடவென்று சத்தம் போடுவதாகக் கேள்விப்பட்ட கணவர், ஸ்க்ரூடிரைவரைத் தேடினார். மாமியாரும் மருமகளும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள்.