தீட்டுக்கல்லின் உறவு

நீலம் எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளாது. அதனால் மகன் விமலன் கட்டிக்கொள்ளப்போகும் செரீனாவின் நீலக்கல் மோதிரம் மூன்று இரவுகள் தன் தலையணைக்கடியில் இருக்கட்டும் என்றார் திருச்செல்வம். கெட்டது நடந்தால் அந்தக் கல் மருமகளோடு வீட்டு வாசல் ஏறக்கூடாது. இறந்துபோன அவள் அம்மாவின் மோதிரம். ஆனாலும் செரீனா கழற்றிக் கொடுத்தாள்.

மூன்று இரவும் அவர் அசந்து தூங்கினார். அதுவே சந்தேகத்தைக் கிளப்பிவிட்டது. வெறும் கண்ணாடியோ? முப்பது வருடமாக எண்ணெய்க்கான செம்பனைக் குலை வெட்டுபவருக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். அரிவாளில் உரசினார், ஒன்றுமில்லை. தீட்டுக்கல்லில் உரசினார். கீறல் விழுந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை செரீனா கோலசிலாங்கூர் எஸ்டேட் வீட்டுக்கு வந்ததும் மறைக்காமல் சொல்லிவிட்டார். அவள் முகம் வாடியது. கிள்ளான் நகைக்கடையில் கல் சோதிப்பவள். பையிலிருந்து லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தாள்.

"எதுல உரசினீங்க மாமா?"

இடுப்புப் பையிலிருந்து தீட்டுக்கல்லை எடுத்துக் கொடுத்தார். அதையும் பார்த்தவள் சிரித்துவிட்டாள்.

"அசல் நீலம்தான் மாமா. வைரம் மாதிரி ஒன்னு ரெண்டுதான் நீலத்தைக் கீறும். இல்லன்னா அதோட கூடப்பிறந்தது. இது கூடப்பிறந்தது லா!"

"இந்தக் கல்லா?"

"ரெண்டும் குருந்தம் மாமா. சுத்தமா இருந்தா நிறமே இல்ல. துளி குரோமியம் சேர்ந்தா சிவப்பு, மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தா நீலம். உங்க கல்லுல இருக்கறது உலையில செஞ்ச குருந்தப் பொடி."

"குருந்தமா? தமிழ்ப் பேரா இருக்கே."

"நம்ம பேருதான். நம்மாளுங்க சாணை பிடிச்ச கல்லு. வெள்ளைக்காரன் அந்தப் பேரைக் கேட்டுட்டுப் போய் கொரண்டம்னு எழுதிக்கிட்டான். இன்னைக்கு எந்த நாட்டு லேப்ல நீலத்தை வச்சாலும் ரிப்போர்ட்ல அந்தப் பேருதான் வரும்."

லென்ஸை வாங்கித் தீட்டுக்கல்லைப் பார்த்தார். அழுக்குப் பழுப்புக்குள்ளே ஆயிரம் முகங்கள். ஒவ்வொரு துகளும் தனக்கென்று ஒரு துண்டு வெயிலைப் பிடித்து வைத்திருந்தது.

"முப்பது வருசமா நீலத்தோட அண்ணனை இடுப்புல கட்டிக்கிட்டுத் திரியறீங்க. ஏதாவது கெட்டது நடந்துச்சா?"

"இடுப்பு வலிதான்" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "அந்தக் கீறலு... மறையுமாம்மா?"

"பாலிஷ் போட்டா போயிரும். கொஞ்சம் தேயும், அவ்வளவுதான்."

"அப்ப முதல்ல அதைச் செய்வோம். செலவு என்னோடது." உள்ளே திரும்பிக் கூப்பிட்டார்: "டேய் விமலா, காரை எடு! உன் பொண்டாட்டி மோதிரத்துக்குக் கிள்ளான் போவணும்."

தீட்டுக்கல்லைக் கைலியில் நன்றாகத் துடைத்தார். பிறகுதான் பைக்குள் வைத்தார்.