கால் நீட்ட இடம்

டமார் என்று சத்தம் கேட்டது. தரை ஒரு முறை அதிர்ந்தது.

திருத்தங்கல் ரோட்டில் இருந்த அந்தப் பட்டாசு குடோனில் யாரும் என்ன ஏது என்று திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த பெண்கள் பசைக் கிண்ணத்தைப் போட்டது போட்டபடி, செருப்பைக்கூடத் தேடாமல், பின்பக்கக் கருவேலங்காட்டைப் பார்த்து ஓடினார்கள். முதலில் ஓட்டம், காரணம் எல்லாம் பிறகு. முருகம்மாளும் முள்ளை மிதித்துக்கொண்டு ஓடினாள்.

புகை வரவில்லை. மருந்து வாடையும் இல்லை. மெல்லத் திரும்பி வந்து எட்டிப் பார்த்த ஒருத்தி இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள்.

"ஏ முருகம்மா, வெடிச்சது ஒன் வீட்டுக்காரருதேன்டி! வாசல் கேட்டுத் தூண இடிச்சுப் போட்டு நிக்காரு."

ஐதராபாத்தில் சரக்கை இறக்கிவிட்டு வந்த லாரியை, அடுத்த லோடு ஏற்றுவதற்காகப் பின்னுக்கு எடுத்திருக்கிறான் சீனிச்சாமி. மெதுவாக ஊர்ந்த வண்டி திடீரென்று பின்னால் பாய்ந்துவிட்டது. தூணில் பாதி சரிந்து கிடந்தது. அவன் இன்னும் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தான்.

மேனேஜர் பெத்தணன் படியில் ஏறி அவன் வாயருகே மூக்கைக் கொண்டுபோனார். "ஊது பாப்போம்."

ஊதினான்.

"குடிக்கலைல்ல? பெறகு என்னடா கேடு?"

"கிளச்சு சரியில்லண்ணே. ஒட்டுது."

"ஏலே காளிராஜ்! மொதலாளி வர்றதுக்குள்ள என்னன்னு பாருலே. சாயந்தரம் லோடு கெளம்பியாகணும்."

கம்பெனி மெக்கானிக் காளிராஜ் வண்டிக்கடியில் ஊர்ந்து போனான். மேனேஜர் ஆபீசுக்குள் போகும்வரை வெளியே வரவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"கிளச்சு வெண்ணெ மாதிரி இருக்குண்ணே. எறங்கி வாங்க, நீங்களே பாருங்க."

"எறங்குனா விழுந்துருவேன்லே," என்றான் சீனிச்சாமி, குரலைத் தாழ்த்தி.

அவனுடைய இடது கால் தொடையிலிருந்து பாதம் வரை மரத்துக் கிடந்தது. கிளச்சை மிதித்திருக்கிறோமா விட்டுவிட்டோமா என்று அந்தக் காலுக்குத் தெரியவில்லை. அதனால்தான் வண்டி பாய்ந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? கால் மரத்த டிரைவர் என்று ஒரு தடவை பேர் வந்துவிட்டால் சிவகாசியில் மட்டுமல்ல, விருதுநகர், சாத்தூர் என்று எந்த ஷெட்டிலும் சாவியைக் கையில் தரமாட்டார்கள். இருபது வருஷமாக ஸ்டியரிங்கைத் தவிர அவன் கை வேறெதையும் பிடித்ததில்லை.

முருகம்மாள் செம்பில் தண்ணீரோடு வந்தாள். படியில் ஏறி நின்று அவன் கெண்டைக்காலைப் பிடித்துவிட்டாள்.

"என்ன இது, கட்டை மாதிரி இருக்கு? சக்கர வியாதியா இருக்குமோ?"

"பெரியாசுபத்திரில ரத்தம் எடுத்துப் பாத்தாச்சு. ஒண்ணுமில்ல. மடக்குன காலோட ஒக்காந்தே இருக்காத, அப்பப்ப வண்டிய நிப்பாட்டிக் கால நீட்டி நடன்னாரு டாக்டரு."

"நடக்க வேண்டியதுதான?"

"எங்கன நடக்க? பட்டாசு லோடுன்னு தெரிஞ்சா டீக்கடைக்காரன் கரண்டியத் தூக்கிட்டு வர்றான். 'அங்கிட்டுப் போ, அங்கிட்டுப் போ'ன்னு நாய வெரட்டுற மாதிரி. பெட்ரோல் பங்குக்காரன் விசில் ஊதுறான். ரயில்வே கேட்டு மூடிக் கெடந்தா எனக்குத் திருவிழா. எறங்கி, டயரத் தட்டிப் பாக்குற மாதிரி வண்டியச் சுத்திச் சுத்தி நடப்பேன்."

காளிராஜ் சிரித்துவிட்டான். சீனிச்சாமியும் சிரித்தான். வழியில் வண்டி ஓடும்போதும் அவன் சும்மா இருக்கவில்லை. பின்பாக்கெட்டில் இருந்த பர்சை எடுத்து வெளியே வைத்தான், தொடைக்கடியில் சாக்கை மடித்துப் போட்டான், கால்விரல்களை மடக்கி மடக்கி விரித்தான். ஆந்திராவில் நந்தியாலைத் தாண்டுவதற்குள் எல்லாம் பலிக்காமல் போய்விடும்.

"பருப்பு லோடு ஓட்டுனப்ப இப்படி வந்ததில்லையே?" என்றாள் முருகம்மாள்.

"அப்ப வழியில இருக்குற டீக்கடை பூராம் மாமியா வீடுல்ல?"

அவள் சிரிக்கவில்லை. அவன் முட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆள் நெட்டை. இரண்டு முட்டியும் ஸ்டியரிங்குக்குக் கீழே தகரத்தில் இடித்துக்கொண்டிருந்தன. சீட்டின் விளிம்பு தொடைக்குள் பதிந்திருந்தது. அவள் சீட்டுக்குப் பின்னால் தலையை நீட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த இடம்தான். தீபாவளிப் பரிசுப் பெட்டிகளைப் பின்னால் லோடோடு ஏற்றினால் பளபளப்பு மூடி நசுங்குகிறது, தார்ப்பாய்க்குள் மழை இறங்குகிறது என்று, ஆடி மாதத்திலிருந்து அவற்றை டிரைவர் முதுகுக்குப் பின்னால்தான் அடுக்குகிறார்கள். கூடுதலாக இரண்டு வரிசை பிடிப்பதற்காக, சீட்டைக் கழற்றி ஒரு சாண் முன்னுக்குத் தள்ளி மாட்டியிருந்தார்கள்.

"நாந்தேன் அடுக்குனேன்," என்றாள்.

"போல்ட்டு நாந்தேன் போட்டேன்," என்றான் காளிராஜ்.

"ரெண்டு பேருஞ் சேந்து என்னைய மடக்கிப்புட்டீகளே."

சீட்டு முன்னால் வந்தது சீனிச்சாமிக்கும் தெரியும். சீசன் வரைக்கும்தானே என்று முட்டியை மடக்கிக்கொண்டான். டாக்டர் ஒன்றுமில்லை என்ற பிறகும், கால் மரத்ததை உடம்பில் வந்த நோய் என்றே நினைத்து மூன்று மாதமாக மறைத்துவந்தான்.

"மொதலாளிட்டச் சொல்லிருவோம்," என்றாள் முருகம்மாள்.

"வேண்டாம். கிளச்சுன்னே இருக்கட்டும்."

"நோய்க்காரன்னு தெரிஞ்சாத்தான வெளிய அனுப்புவாக? ஒங்களுக்கு நோயே இல்லையே. இன்னைக்குத் தூணு. நாளைக்கு எவன் மேலயாவது ஏத்தினா?"

சற்று நேரத்தில் முதலாளி மகேஷ்குமாரின் கார் வந்தது. அப்பாவிடமிருந்து தொழிலைப் போன வருஷம்தான் ஏற்றிருந்தார். யாரையும் கத்திப் பேசமாட்டார். தூணைப் பார்த்தார், லாரியைப் பார்த்தார். சீனிச்சாமி கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, காலைத் தரையில் உதறிக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னான். கிளச்சு என்று பொய் சொன்னதையும் சொன்னான்.

மகேஷ்குமார் நடுவில் குறுக்கிடாமல் கேட்டார். செல்போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு லாரியில் ஏறி, டிரைவர் சீட்டில் உட்கார்ந்தார். முட்டி தகரத்தில் இடித்தது. கிளச்சை மிதித்துப் பார்த்தார். முதுகை நிமிர்த்தப் பார்த்தார்.

"அடேயப்பா! இதுல எப்படிண்ணே ஐதராபாத் வரைக்கும் போனீக?"

முருகம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். காளிராஜ் கேட்காமலே ஸ்பேனரை எடுத்துவந்தான்.

"நாலு போல்ட்டுதேன் மொதலாளி. பழைய ஓட்டையிலயே மாட்டிரலாம்."

"சரி. சீட்டப் பின்னால தள்ளுனா பெட்டி எம்புட்டுக் கொறையும்?"

"ரெண்டு வரிசை நிக்காது மொதலாளி," என்றாள் முருகம்மாள்.

மகேஷ்குமார் சீட்டிலிருந்து குனிந்து இறங்கினார். சீனிச்சாமியின் தோளில் கைவைத்து, "நல்லவேளை சொன்னீக. மொதல்ல ஒடம்பப் பாருங்கண்ணே," என்றார். ஸ்பேனரை வைத்துவிடும்படி காளிராஜுக்குக் கைகாட்டினார். பிறகு ஆபீஸ் பக்கம் திரும்பி மேனேஜரைக் கூப்பிட்டார்.

"பெத்தணன் அண்ணே, சாயந்தர லோடுக்கு வேற டிரைவர் சொல்லுங்க. கொஞ்சம் குட்டையான ஆளாப் பாருங்க."