தடிக்காத புள்ளி

என் கணவருக்கு இதய வால்வில் கிருமி தங்கிவிட்டது என்று தெரிந்த நாள் முதல், வார்டில் எல்லோரும் ஒரே மருந்தின் பெயரைத்தான் சொன்னார்கள். சொல்லிவிட்டு, அவர் மணிக்கட்டில் கட்டியிருந்த சிவப்புப் பட்டையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ‘பெனிசிலின் ஆகாது’ என்று அதில் எழுதியிருந்தது.

எழுதச் சொன்னவர் என் நாத்தனார். அந்தக் குடும்பத்தில் முதலில் பிறந்த ஆண் குழந்தைக்கு ஒரு காய்ச்சலில் பெனிசிலின் ஊசி போட்டார்கள். வீடு திரும்புவதற்குள் உடம்பெல்லாம் தடித்து, மாமியாரின் மடியிலேயே மூச்சு நின்றுவிட்டது. பின்னால் பிறந்த நாத்தனாரும் என் கணவரும் அந்த மருந்தைத் தொட்டதே இல்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், எங்கள் குடும்பத்துக்கே அது ஆகாது என்று மாமியார் வாசலிலேயே சொல்லிவிடுவாராம். அவர் காலமான பிறகு அந்தப் பொறுப்பை நாத்தனார் எடுத்துக்கொண்டார்.

வேறு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை; சிறுநீரகமும் கெடத் தொடங்கியிருந்தது. ஒவ்வாமை நிபுணர் இருப்பது வேறு ஊரில். அவரைப் பார்க்க முறை வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை வால்வு தாங்காது என்றார் வார்டைப் பார்க்கும் டாக்டரம்மா. அவர் பொது மருத்துவர்தான். ஆனாலும், மருந்து உண்மையிலேயே ஆகாதா என்று தோலில் சோதித்துப் பார்க்கலாம், நானே செய்கிறேன் என்றார்.

நாத்தனார் கேட்டார்: “நீங்க அலர்ஜி டாக்டரா?”

“இல்லம்மா. ஆனா இந்த ஒரு சோதனைய முறையா பழகியிருக்கேன். எங்க சந்தேகம் வந்தாலும் அந்த நிபுணருக்குப் போன் போட்டுக் கேட்பேன்.”

“கம்பவுண்டர் ஆபரேஷன் பண்ண கதையால்ல இருக்கு.”

டாக்டரம்மா கோபித்துக்கொள்ளவில்லை. என் கணவர்தான் தலையணையிலிருந்து முகத்தைத் திருப்பினார். அவர் தையல்காரர்.

“அக்கா, புதுத் துணிய வெட்டுறதுக்கு முன்னாடி ஓரத்துல தண்ணி தெளிச்சுப் பாக்குறேன்ல, சாயம் போகுதான்னு. அதான் இது.”

நாத்தனார் பதில் பேசவில்லை. அதைச் சம்மதம் என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

சோதனையன்று நர்ஸ் ஒரு தட்டில் அவசர ஊசியைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றார். டாக்டரம்மா என் கணவரின் முன்கையில் பேனாவால் மூன்று வட்டம் போட்டார். ஒன்றில் அந்த மருந்து, இன்னொன்றில் வெறும் உப்புத் தண்ணீர். மூன்றாவதில் விடும் சொட்டு எல்லோருக்குமே கொசு கடித்ததுபோல் தடிக்கும்; அது தடித்தால்தான் தோல் உண்மை பேசுகிறது என்று அர்த்தம். இதைச் சொல்லிவிட்டு ஒவ்வொரு சொட்டின் மேலும் ஊசி முனையால் லேசாகக் குத்தினார்.

காத்திருந்தோம். மருந்து விட்ட இடம் தடிக்கவில்லை. நாத்தனார் நிம்மதியாக மூச்சு விட்டார். டாக்டரம்மாவின் முகம் மட்டும் தெளியவில்லை. மூன்றாவது வட்டத்தை விரல்நுனியால் தடவினார். அதுவும் தட்டையாகவே இருந்தது.

சளிக்கு, அரிப்புக்கு என்று ஏதாவது மாத்திரை போட்டாரா என்று கேட்டார். இல்லை என்றார் என் கணவர். நானும் அதையே சொன்னேன். நாத்தனார், மடித்து வைத்திருந்த துண்டை எடுத்து மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

“பால்ல பொடிச்சுப் போட்டேன்,” என்றார். “நான் அரிப்புக்குப் போடுற மாத்திரை. நேத்தும் குடுத்தேன், இன்னிக்குக் காலையிலயும் குடுத்தேன். ஊசி பட்டு அவனுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதேன்னுதான்.”

எனக்குத் திட்டு வாய் வரை வந்துவிட்டது. டாக்டரம்மா முக்காலியை இழுத்து நாத்தனார் எதிரில் உட்கார்ந்தார்.

“நீங்க தடுத்தது ஆபத்தை இல்லம்மா. ஆபத்து இருந்தா அந்தத் தோல் சொல்லியிருக்கும்ல, அதோட வாயைக் கட்டிட்டீங்க.”

அந்த மாத்திரை உள்ளே இருக்கும்வரை தோல் எதற்கும் தடிக்காது; அது உடம்பை விட்டுப் போன பிறகுதான் மறுபடி சோதிக்க முடியும். சிறுநீரகம் சரியில்லாததால் அதற்கும் கூடுதல் நாளாகும். அதுவரை தாங்குவாரா என்று கேட்டேன். தெரியவில்லை என்று டாக்டரம்மா உள்ளபடியே சொன்னார்.

அந்த நாட்களில் காய்ச்சல் அவரை உருட்டியெடுத்தது. கண்ணை மூடியபடியே யாருடைய தோள் அளவையோ சொல்லிக்கொண்டிருப்பார். நாத்தனார் அறைக்குள் வரவே இல்லை. தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். கஞ்சி கொண்டுவந்தால் வாசலில் நின்று என்னிடம் நீட்டுவார்.

“நீயே குடு. என் கையால வேணாம்.”

ஒரு தடவையாவது உள்ளே வாருங்கள் அண்ணி என்று சொல்லியிருக்கலாம். எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது சோதனைக்கு டாக்டரம்மாவே நாத்தனாரை உள்ளே அழைத்து, கட்டிலோரம் நிற்கவைத்தார். இந்த முறை மூன்றாவது வட்டம் சிவந்து நன்றாகத் தடித்தது.

“ஒரு கொசுக்கடிக்கு இத்தனை பேர் சந்தோஷப்பட்டு நான் பாத்ததில்ல,” என்றார் என் கணவர்.

மருந்து விட்ட இடம் அப்படியே இருந்தது. அடுத்துத் தோலுக்குள் துளி மருந்து செலுத்தினார்; அதற்கும் ஒன்றும் இல்லை. நிபுணரைப் போனில் பிடித்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். பிறகு நரம்பில் கொஞ்சம் மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டு, முழு அளவையும் ஏற்றினார். முக்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

“அப்ப எங்க பெரியவன் செத்தது எதனால?” என்று கேட்டார் நாத்தனார்.

“அவனுக்கு நெஜமாவே ஆகாம இருந்திருக்கலாம். அப்படி நடக்கும். ஆனா அது அவனோட உடம்பு. இது இவரோட உடம்பு.”

“அம்மாகிட்ட யாரும் இதைச் சொல்லலையே,” என்றார் நாத்தனார்.

காய்ச்சல் மெல்ல இறங்கியது. அவர் எழுந்து சாய்ந்து உட்கார்ந்த அன்று, நர்ஸ் வந்து சிவப்புப் பட்டையைக் கத்தரித்தார். சற்று நேரத்தில் நாத்தனார் பால் கொண்டுவந்தார். பழக்கத்தில் வாசலிலேயே நின்று என் பக்கம் நீட்டினார். நான் கையை நீட்டவில்லை, வழிவிட்டு ஒதுங்கினேன்.

கட்டிலருகே போய் அவரிடமே கொடுத்தார்.

“இதுல சர்க்கரை மட்டும்தானேக்கா?”

“சர்க்கரை மட்டும்தாண்டா.”

அவர் குடித்து முடிக்கும்வரை, பட்டை இருந்த இடத்தையே நாத்தனார் பார்த்துக்கொண்டிருந்தார்.