ஐந்து புள்ளி ஒன்று

தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜைத் திறந்தால் நெய் வாடை அடிக்கலாமா? நீங்களே சொல்லுங்கள். எங்கள் ஆபீசில் அடித்தது. நெய்யும் பச்சைக் கற்பூரமும் ஏலக்காயும் கலந்து மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மத்தியானம் தயிர்சாத டப்பாவைத் திறந்தாலும் அதே வாடைதான்.

என் பெயர் ஸ்வர்ணலதா, ஊர் நகரிப் பக்கம். அப்போது திருப்பதியில் ஒரு மருந்து ஏஜென்சியில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னோடு படித்ததுகள் எல்லாம் பெங்களூரு, சென்னை என்று பஸ் ஏறிய வருஷங்கள் அவை. எனக்கு வாய்த்தது திருச்சானூரில் ஒண்டுக்குடித்தன அறையும், தினமும் ஷேர் ஆட்டோவில் முழங்கால் இடிபட வந்து சேருகிற இந்த ஆபீசும்தான்.

நாங்கள் விற்றது நாய்க்கடி ஊசி மருந்து. அது இரண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவில் இருக்க வேண்டும். சூடு ஏறினால் செத்துப்போகும். ஆனால் பாட்டிலைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் சூட்டைக் குறித்துவைக்கிற லாகர் ஒன்று வைத்திருந்தோம். ஃபிரிட்ஜுக்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு கம்பி, வெளியே சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அங்கிருந்து என் கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள். பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் உள்ளே எத்தனை டிகிரி என்று எக்செலில் தானாகவே ஒரு வரி விழும். எட்டைத் தாண்டினால் கட்டம் சிவப்பாகிற மாதிரி நானே செய்துவைத்தேன். சாயங்காலம் நாலு மணிக்கு அந்த ஷீட் ஹைதராபாத் கம்பெனிக்கு மெயிலில் போகும். அதை ஓடவைத்த அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா! அம்மாவுக்கு போன் போட்டு அரை மணி நேரம் பீற்றிக்கொண்டேன்.

சித்திரை மாதம் ஒரு திங்கட்கிழமை லட்டு வந்து இறங்கியது. முதலாளி முனிரத்தினம் சாருக்கு ஊசி வாங்குகிற டாக்டர் ஒவ்வொருவருக்கும் மலைப் பிரசாதம் கொடுத்தனுப்புகிற வழக்கம் உண்டு. யார் யாரையோ பிடித்து இருநூறு லட்டு வாங்கிவிட்டார். வெயிலில் நெய் விட்டுவிடுமாம். ஆகவே ஃபிரிட்ஜ். பிரசாதத்துக்கு மேலே வேறெதையும் வைக்கக் கூடாதாம். ஆகவே மேல்தட்டு முழுக்க லட்டு, ஊசிப் பெட்டிகள் எல்லாம் கீழே கதவோரம். ஸ்டோர் பார்க்கிற பழனி செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஃபிரிட்ஜையே திறந்தான்.

மறுநாள் காலையில் வந்து பார்க்கிறேன், ஷீட்டில் மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. பதினாலு, பதினைந்து, பதினாறு. கரண்டு போகவில்லை. ஃபிரிட்ஜும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பழனியைக் கூப்பிட்டேன்.

"பழனி, ஃபிரிட்ஜுக்கு என்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல மேடம். லட்டு கல்லு மாதிரி ஆய்க்கினு இருந்துச்சு. பல்லே ஒடஞ்சுடும். அதான் கூலிங்கத் திருகிக் கொறைச்சு வெச்சேன்."

நெய் உருகவும் கூடாது, லட்டு இறுகவும் கூடாது. அதற்கு எது தோதோ அந்தச் சூட்டை எவ்வளவு அழகாகக் கண்டுபிடித்திருக்கிறான், பாவி!

சாரிடம் ஓடினேன். அவர் ஒரு லட்டைப் பிட்டுத் தின்றுகொண்டிருந்தார்.

"சார், மருந்து எல்லாம் வீணாப்போயிடும். ராத்திரி பூரா பதினாறுல இருந்திருக்குது."

"ஏம் காது லேம்மா, ஒண்ணும் ஆவாது. ரெண்டு நாளுதானே. வியாழக்கெழம லட்டு போயிடும், அப்புறம் திருப்பி வெச்சிக்கலாம்."

"நாலு மணிக்கு கம்பெனிக்கு ஷீட் போவுதே சார்?"

எழுந்து என் மேஜைக்கு வந்தார். அந்த நெய்க் கையாலேயே கேபிளைப் பிடுங்கினார். கீபோர்டில் விரலை வைத்து அவரே ஒரு கட்டத்தில் 5.1 என்று அடித்துக் காட்டினார்.

"இப்படி அடிம்மா. உன் வேலைக்கு வெளிய இருபது பேரு லைன்ல நிக்கறாங்க, தெரியும்ல?"

ஐந்தின் மேலும் ஒன்றின் மேலும் நெய் பிசுபிசுத்தது. துணியால் துடைத்தேன். துடைத்துவிட்டு, ஆமாம், அடித்தேன். சிவப்பை எல்லாம் அழித்துவிட்டு, பத்து நிமிஷத்துக்கு ஒன்றாக அன்றைக்கு முழுக்க அடித்தேன். எல்லாவற்றுக்கும் ஐந்து புள்ளி ஒன்றே போட்டால் கம்பெனிக்காரனுக்குச் சந்தேகம் வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவே 4.8, 5.3, 5.0 என்று மாற்றி மாற்றிப் போட்டேன். இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே என்னைக் கண்டு குமட்டுகிறது. புதனும் அடித்தேன். வியாழனும் அடித்தேன். அந்த மூன்று நாளில் காளஹஸ்திக்கு ஒரு லோடும் புத்தூருக்கு ஒரு லோடும் போயின.

வெள்ளிக்கிழமை காலையில் பழனி பேயறைந்தவன் போல வந்தான். பங்காருபாளையத்திலிருந்து பிழைக்க வந்து மலையடிவாரத்து அலிபிரியில் குடியிருந்தான். அவன் மகள் பத்மினிக்கு ஏழு வயசு. கடைக்குப் பால் வாங்கப் போன பிள்ளையின் கெண்டைக்காலைத் தெருநாய் கவ்விவிட்டது.

"சதையே தொங்குது மேடம். நாயி வாயெல்லாம் நுரையாம். கிளினிக்ல ஒக்கார வெச்சிட்டு ஓடியாறேன்."

சார் ரூமிலிருந்து வெளியே வந்தார். அவன் தோளில் கை போட்டார். "உன் பொண்ணு நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரிடா. காசெல்லாம் வேணாம், அஞ்சு ஊசியும் நம்ம ஸ்டாக்குல இருந்தே எடுத்துக்கினு போ" என்றார். மிச்சமிருந்த லட்டில் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். பழனி கண் கலங்கி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

நான் சாரைப் பார்த்தேன். அவருக்குத் தெரியும். செத்த மருந்து என்று தெரிந்தேதான் கொடுக்கிறார். என் பார்வையைத் தவிர்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சீ, இவனும் ஒரு மனுஷனா!

பழனி ஐந்து பெட்டிகளைப் பையில் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விட்டான்.

"பழனி, நில்லு. அந்த ஊசியப் போடாத."

"இன்னா மேடம்?"

இழுத்துக்கொண்டு வந்து கம்ப்யூட்டர் முன்னால் நிறுத்தினேன். கேபிளைச் செருகினேன். நாங்கள் பிடுங்கிவிட்டாலும் லாகர் பெட்டி தன் பாட்டுக்குக் கணக்கெடுத்துக்கொண்டேதான் இருந்தது. மூன்று நாள் வரிகளும் மடமடவென்று வந்து விழுந்தன. எல்லாம் சிவப்பு. கடைசி வரியில் 16.2.

"நீ திருகி வெச்சதால மருந்து செத்துப்போச்சு. நான் பொய் நம்பர் அடிச்சி மறைச்சேன். இதப் போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல. புள்ளையத் தூக்கிக்கினு நேரா கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குப் போ. அங்க நல்ல ஊசி இருக்குது."

அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன். அவன் திரையைப் பார்த்தான். "நல்ல வேள சொன்னீங்க மேடம்" என்றான். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து, ஐந்து பெட்டிகளையும் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பழைய இடத்திலேயே அடுக்கினான். மேலே ஒட்டியிருந்த லட்டுத் துணுக்கைக்கூட ஊதித் தட்டினான்.

"அத ஏன்டா உள்ள வெக்கிற?"

"நாளிக்கு நகரி லோடு இருக்குதே மேடம். எண்ணிக்க கொறஞ்சா சாரு கத்துவாரு."

நகரி. என் ஊர். என் அக்கா பிள்ளைகள் தெருவில் விளையாடுகிற ஊர். நாக்கு நுனிவரை வந்த வசவு அப்படியே நின்றுவிட்டது. அவனை எந்த வாயால் திட்டுவது? காளஹஸ்தியிலும் புத்தூரிலும் எந்தப் பிள்ளையின் கையில் அது ஏறியதோ, நான் என்ன கேட்டேனா?

அவன் ஓடிவிட்டான். நான் உட்கார்ந்தேன். சிவப்பு ஷீட்டை அப்படியே கம்பெனிக்குப் போகிற மெயிலில் இணைத்தேன். எந்த லோடு எந்த ஊருக்குப் போனது, பெட்டிகளில் என்ன நம்பர் என்று எல்லாம் எழுதினேன். போனவற்றை உடனே திருப்பி எடுங்கள், ஏற்கெனவே போட்டவர்களுக்கு மறுபடி போடுங்கள் என்றும் எழுதினேன். செவ்வாயிலிருந்து நீங்கள் பார்த்த ஐந்து புள்ளி ஒன்று எல்லாம் நான் அடித்தது என்று கடைசியில் எழுதி, கீழே என் முழுப் பெயரைப் போட்டேன். நாலு மணிவரை காத்திருக்கவில்லை.

அனுப்புகிற பட்டனை அழுத்தும்போது விரல் வழுக்கியது. எத்தனை தரம் துடைத்தும் அந்த நெய் போகவே இல்லை.